தேவைக்கேற்ற இலத்திரனியல்



ஒருவரது தனித்தேவைக்கென இலத்திரனியல் கருவியை வடிவமைத்து உருவாக்கிக் கொடுத்தல் இன்று பெருந்தொழிலாக விளங்குகின்றது. தேவையைக் கேட்டறிதல், மின்சுற்று வரைதல், மாதிரி செய்தல், சோதித்துத் திருத்துதல், பின்னர் அச்சுச் சுற்றுப் பலகைகளில் தொகையாக உற்பத்தி செய்தல் என்பன அதன் படிகளாம்.

இப்படிகளுட் பலவற்றை நாம் கற்றது தொழிற்சாலையிலன்று. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்திலாகும். அங்கு மின்சாரம் இல்லை, பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்தன. ஆயினும் செய்தி கேட்க வானொலி வேண்டும். எனவே சைக்கிள் டைனமோவை நாடினோம்.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். ஆதலால் 4 இருவாயிகளைப் பாலமாக இணைத்து மின்னோட்டத்தை ஒரு திசைப்படுத்தினோம். கொள்ளளவியொன்று அதன் ஏற்ற இறக்கத்தைத் தணித்தது. பாட்டும் செய்தியும் கேட்டன!

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு மாலை, மாணவனொருவன் சில்லை மிகவேகமாகச் சுழற்றினான். மின்னழுத்தம் உயர்ந்து, அயலவர் ஆசையுடன் தந்த வானொலி கருகியது. வேகம் மாறுமென்பதை நாம் சோதிக்கவில்லை. பிழை மாணவனுடையதன்று, எம்முடையதே. அதன் பின்னர் மின்னழுத்தத்தை 6 வோல்ற்றளவில் நிறுத்தும் சேனர் இருவாயியையும் தடையியையும் சேர்த்தோம்.

செல்வங்களே! இன்று நீங்கள் கணினியிலேயே மின்சுற்று வரைகின்றீர்கள். வரையுமுன், "இது யாருக்குத் தேவை? அவர் இதனை எவ்வாறு கையாள்வார்?" எனக் கேளுங்கள். அக்கேள்வியே நல்ல வடிவமைப்பின் தொடக்கமாகும்.