கண்ணில் படாத பாலின் கணக்கு

பச்சைக் குழந்தை விடாமல் அழுதால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "பால் பத்தலை போல" என்பதுதான். பெரியவர் ஒருவர் சொல்வார், பக்கத்து வீட்டார் ஆமோதிப்பார், மறுநாளே பவுடர் டப்பா வந்துவிடும். புட்டியில் கோடு இருக்கிறது. எவ்வளவு இறங்கியது என்று யாரும் பார்க்கலாம். தாயிடம் குடிக்கும் பாலுக்கு அப்படி எந்தக் கோடும் இல்லை. அதனாலேயே சந்தேகம் எப்போதும் தாயின் மேல் விழுகிறது.

அந்தப் பாலை அளக்க முடியுமா? முடியும். அளந்த விதம்தான் வியப்பு.

பழைய முறை எடை பார்ப்பது. பால் கொடுக்கும் முன் ஒருமுறை, கொடுத்த பின் ஒருமுறை குழந்தையைத் தராசில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வார்கள். கேட்க எளிது. ஆனால் குழந்தை ஒரு நாளில் எட்டு, பத்து முறை குடிக்கும், நடுராத்திரியிலும் குடிக்கும். ஒவ்வொரு முறையும் தராசோடு ஒருவர் பக்கத்தில் நின்றால் எந்தத் தாய் நிம்மதியாகப் பால் கொடுப்பாள்?

1982இல் கேம்பிரிட்ஜில் கவர்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறு வழி கண்டார்கள். குழந்தையை விட்டுவிட்டுத் தாய்க்குக் கொஞ்சம் கனநீர் குடிக்கக் கொடுத்தார்கள். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் அமைந்த தண்ணீர் இது. அணு உலைகளுக்காகத் தூத்துக்குடியில் ஆலை அமைத்துத் தயாரித்தார்களே, அதே கனநீர்தான். அணு என்றதும் பயம் வேண்டாம். டியூட்டீரியம் கதிர்வீச்சை வெளியிடாது. நாம் குடிக்கும் தண்ணீரிலும் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 150 என்ற கணக்கில் அது இயற்கையாகவே இருக்கிறது.

தாய் குடிப்பது சுமார் 30 கிராம். சில மணி நேரத்தில் அது அவள் உடலின் நீர் முழுவதிலும் கலந்துவிடும். பாலிலும் கலக்கும், பால் வழியே குழந்தைக்குப் போகும். குழந்தைக்கு இந்தக் கூடுதல் டியூட்டீரியம் வர வேறு வழியே கிடையாது. 14 நாட்களுக்குள் சில முறை, தாயின் வாயிலிருந்தும் குழந்தையின் வாயிலிருந்தும் பஞ்சால் உமிழ்நீர் எடுக்கிறார்கள். நனைந்த பஞ்சை ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் போட்டு அழுத்தினால் ஆய்வுக்கு வேண்டிய துளிகள் கிடைத்துவிடும். குழந்தைக்கு வலி இல்லை. தாய் தன் வீட்டில், தன் வழக்கப்படி பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

தாயின் உடலில் டியூட்டீரியம் நாளுக்கு நாள் குறையும். குழந்தையின் உடலில் சில நாள் ஏறி, பிறகு இறங்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை கிராம் பால் குடித்தது என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரியும். பால் தந்த நீரைவிட அதிக நீர் குழந்தையின் உடலுக்குள் வந்து போயிருந்தால், பாலைத் தவிர வேறு ஏதோ ஊட்டப்பட்டிருக்கிறது.

12 நாடுகளில் இப்படி எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைத் திரட்டி 2010இல் வெளியிட்டார்கள். குழந்தைகள் குடித்த தாய்ப்பால் சராசரியாக நாளொன்றுக்கு 780 கிராம். இலங்கையில் ருஹுணு பல்கலைக்கழகத்தார் இதே முறையில் அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வும், அங்குள்ள குழந்தைகளுக்குத் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்றே காட்டியது. பால் பத்தாத தாய்மார் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அதே கனநீர் இன்னொரு உண்மையையும் காட்டிக்கொடுத்தது. "தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன்" என்று சொன்ன தாய்மாரின் குழந்தைகள் பலரிடம் வேறு நீரின் தடயம் இருந்தது. கேமரூனிலும் குவாத்தமாலாவிலும் இப்படித்தான். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நம் வீடுகளையே பாருங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், உரசிய வசம்பு, கத்திரி வெயிலில் ஒரு சங்கு வெந்நீர்: இவற்றை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் கணக்கெடுப்புக்கு வருபவர்கள், "நேற்றுப் பகலிலும் இரவிலும் தண்ணீர் கொடுத்தீர்களா?" என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு நீர்தான். எந்த வெயிலானாலும் ஆறு மாதம் வரை குழந்தைக்கு அதுவே போதும். மேலே கொடுக்கும் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைக் குறைக்கும்.

அளவுகோலே தவறாக இருந்த காலமும் உண்டு. 1977இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய வளர்ச்சி அட்டையில், கைக்குழந்தைகளுக்கான கோடுகள் பெரும்பாலும் ஓஹாயோவில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்துப் போட்டவை. தாய்ப்பால் குழந்தை முதல் இரண்டு, மூன்று மாதம் வேகமாக எடை கூடும், பிறகு கொஞ்சம் நிதானிக்கும். அந்த அட்டையில் வைத்துப் பார்த்தால் நன்றாக வளரும் குழந்தையும் பின்தங்கியதாகத் தெரியும். எத்தனை தாய்மாரை அது கலங்கடித்திருக்கும்! உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, தாய்ப்பால் குழந்தையை முன்மாதிரியாக வைத்து 2006இல் புதிய கோடுகளைத் தந்தது. நல்ல கவனிப்புக் கிடைத்த தெற்கு டெல்லிக் குழந்தையும் ஓஸ்லோ குழந்தையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வளர்ந்தன என்பது அந்த ஆய்வின் பெரிய செய்தி.

உண்மையான பற்றாக்குறை எங்கே? ஆறு மாதத்துக்குப் பிறகு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை போதுமான உணவு பெறுபவர்களோ 11.3 சதவீதம்தான். வெறும் கஞ்சியும் பிஸ்கட்டும் கணக்கில் தேறுவதில்லை. தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு உணவு வகைகளில் குறைந்தது ஐந்து ஒரு நாளில் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுகோல்.

உங்கள் வீட்டில் ஏழெட்டு மாதக் குழந்தை இருந்தால், பருப்பு, முட்டை, கீரை, பழம் இவற்றில் நேற்று எத்தனை ஊட்டினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாதம் ஒருமுறை அங்கன்வாடிக்குத் தூக்கிச் சென்று எடை போட்டு, அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.