தங்கம் போன பிறகு மிஞ்சும் பலகை

வீட்டில் பன்னீர் செய்யும்போது சாக்கடையில் ஊற்றுகிறோமே, பால் திரிந்த தண்ணீர்? சீஸ் ஆலைகளில் மிஞ்சும் அதே தண்ணீரின் புரதத்தைக் கொண்டு, 20 பழைய மதர்போர்டுகளிலிருந்து 450 மில்லிகிராம் தங்கக் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2024-இல் வந்த செய்தி. தங்கம் 22 கேரட், நம் நகைக்கடைத் தரம்!

புரதத்தை அமிலத்திலும் சூட்டிலும் நுண்ணிழைகளாக்கி உலர்த்தினால் பஞ்சு போல ஆகிறது. மதர்போர்டுப் பலகையின் உலோகங்களைக் கரைத்த திரவத்தில் அதை இறக்கினால், மற்ற உலோகங்களைவிடத் தங்கமே அதிகம் ஒட்டுகிறது. பிறகு உருக்க வேண்டியதுதான். மூலப்பொருளுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவைப்போல 50 மடங்கு விலைக்குத் தங்கம் தேறும் என்கிறார்கள். பலகைகளிலிருந்து தங்கம் எடுக்க வேல்ஸில் பிரிட்டனின் நாணயச்சாலையான ராயல் மின்ட் திறந்திருக்கும் ஆலையோ, ஆண்டுக்கு 4,000 டன் பலகைகள் வரை கையாளக்கூடியது.

அருமைதான். ஆனால் கரைப்பதற்கு சூரிச்சிலும் அமிலம் வேண்டியிருக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது, எல்லார் கண்ணும் தங்கத்தின் மேலேயே இருப்பது. பழைய பலகைகளின் சால்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். தீப்பிடிக்காமலிருக்க பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் ரசாயனங்கள் வேறு. இவற்றைத் தேடி எந்த முதலீட்டாளர் வருவார்?

உத்தரப் பிரதேசத்தின் பித்தளை நகரமான மொராதாபாத்தில் பலகைகளை எரித்துச் செம்பு எடுத்தார்கள். சாம்பல் ராமகங்கைக் கரையில் குவிந்தது. டெல்லி சீலம்பூர் சந்துகளில் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். விலையுள்ளது சந்தைக்குப் போகிறது, ஈயம் பிள்ளைகளின் ரத்தத்துக்குப் போகிறது. காயலான் கடைக்காரர்கள் இல்லாவிட்டால் இவ்வளவுகூடச் சேராது என்பார்கள். சேகரிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். எரிப்பதற்கும் வெறுங்கையால் பிரிப்பதற்கும் அது நியாயமாகாது.

2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். தங்கம் குறைந்த, மலிவான பலகைகளுக்கு மீதிக் கூட்டத்தில்தான் இடம் என்று அஞ்சுகிறேன். எடுத்த தங்கத்துக்குப் பாராட்டு விழா நடத்தும் ஆலைகளிடம், மிஞ்சிய ஈயத்துக்கும் கிராம் கணக்குக் கேட்க வேண்டும்.

நீங்களும் பழைய கணினியை எடைக்குப் போடும் முன், பலகை எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் பிரிக்காமல் முழுசாகக் கொடுங்கள்.