கண்ணாடி காட்டாத வெள்ளை

கல்யாண ஆல்பத்தில் அடுத்தடுத்து இரண்டு படங்கள். மணப்பெண் அறையிலிருந்து கிளம்பும் நேரம்; இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இருக்காது. முதல் படத்தில் முகம் மாநிறமாகச் சீராக இருக்கிறது. அடுத்ததில் கண்ணுக்குக் கீழேயும் மூக்கோரத்திலும் விபூதியைக் குழைத்துப் பூசியதுபோல் வெள்ளைத் திட்டு. கூடவே நின்ற தோழிகள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பழி வழக்கம்போல் பார்லர் அக்கா தலையிலோ போட்டோகிராபர் தலையிலோ விழும். இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: இரண்டாவது ஃப்ளாஷ் போட்டு எடுத்தது.

பெரும்பாலும் இதற்குக் காரணம், மேக்கப் கலையாமல் இருக்கக் கடைசியாகத் தட்டும் பவுடர். இவற்றில் பலவற்றில் இருப்பது சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள், மிக நுண்ணிய உருண்டைகளாக. சிலிக்காவுக்கென்று நிறம் கிடையாது. பிறகு எப்படி வெளுக்கிறது?

மழையில் நனைந்த வெள்ளை வேட்டியை நினைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்வரை மானத்தைக் காக்கும் துணி, நனைந்ததும் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நூலிழைக்கும் அதைச் சூழ்ந்த காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில், அதாவது ஒளியை வளைக்கும் அளவில், பெரிய வேறுபாடு இருப்பதால் ஒளி தடுமாறிச் சிதறுகிறது; அந்தச் சிதறலைத்தான் வெள்ளை என்கிறோம். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வேறுபாடு குறைந்து, ஒளி ஊடுருவிப் போய்விடும். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46. முகத்தில் சுரக்கும் எண்ணெய்க்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். ஆகவே எண்ணெயில் ஊறிய பவுடர் இருக்குமிடம் தெரியாது. ஊறாமல் உலர்ந்து தங்கிய மிச்சம்தான், அதுவும் எண்ணெய்ப்பசை குறைந்த, கண்ணுக்குக் கீழுள்ள மடிப்புகளில், வெள்ளையாகத் தெரிகிறது.

அப்படியானால் தோழிகளுக்கு ஏன் தெரியவில்லை? பவுடர் சிதறடிக்கும் ஒளியில் ஒரு நல்ல பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். அறையில் வெளிச்சம் கூரையிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் வருகிறது. அந்தப் பங்கு அங்கேயே திரும்பிவிடும். ஃப்ளாஷிலோ விளக்கும் லென்ஸும் அக்கம்பக்கத்து வீடு. திரும்பும் ஒளி நேராக லென்ஸுக்குள் நுழைகிறது. ஃப்ளாஷைக் கூரைப் பக்கம் திருப்பியோ குடைக்குள் அடித்தோ எடுக்கும் போட்டோகிராபர்களின் படங்களில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பது இதனால்தான்.

சன்ஸ்கிரீனிலும் பவுண்டேஷனிலும் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு இதைவிடப் பிடிவாதமானது. அதன் எண் சுமார் 2.7. எந்த எண்ணெயாலும் அதை மறைக்க முடியாது. வீட்டுச் சுவர் பெயின்டில் வெண்மைக்குச் சேர்ப்பதும் அதையேதான். அதோடு சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளை வெவ்வேறு அளவில் கலந்தால் கடையில் அடுக்கியிருக்கும் பவுண்டேஷன் நிறங்களில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். கோலத்தைச் சுற்றி இடும் காவிக்குச் சிவப்பைத் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். ‘கொஞ்சம் கலரா காட்டுங்க’ என்று கேட்டால், நடைமுறையில் அந்த வெள்ளை பெயின்டைக் கூட்டுங்கள் என்றுதான் அர்த்தம். முகம் சாம்பலாகவும் கழுத்து தன் நிறத்திலும் நிற்கும் படங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

தோல் சுவரைப் போன்றதில்லை. அதன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. மீதி உள்ளே போய், தோலின் நிறமியான மெலனினுக்கும் ரத்தத்துக்கும் ‘வரி’ கட்டிவிட்டு, மிஞ்சியது வெளியே வருகிறது. மெலனின் நீலத்தை அதிகம் விழுங்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சையை விழுங்கும். எனவே வெளியே வரும் ஒளியில் ஒரு கதகதப்பு இருக்கிறது. முகத்தில் உயிர் இருக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்பேன். கெட்டியாகப் பூசிய மேக்கப் அந்தப் போக்குவரத்தையே அடைத்துவிடுகிறது. பிறகு கன்னத்தில் செயற்கையாகச் சிவப்பைத் தடவி, அடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணும் கேமராவும் ஒத்துப்போகாத கதை பழையது. ஊமைப்பட காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பே தெரியாது. சிவந்த உதடு திரையில் கறுத்துப்போகும். நேரில் அழகாக இருந்ததெல்லாம் அங்கே உதவவில்லை. 1914இல் ஒப்பனைக் கலைஞர் மேக்ஸ் ஃபேக்டர் சினிமாவுக்கென்றே மெல்லிய பூச்சு ஒன்றைச் செய்தார். 1930களின் இறுதியில் டெக்னிகலர் வண்ணப் படங்களுக்காக அவரது நிறுவனம் கொண்டுவந்த ‘பான்-கேக்’ பூச்சு சென்னை வரை வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே அதை எவ்வளவு தாராளமாக வாங்கிக் குவித்தார்கள் என்று தம் ஜெமினி நினைவுகளில் எழுதியிருக்கிறார். பின்னால் டிவியிலும் இதே கதைதான். பழைய டிவி படம் 720க்கு 576 புள்ளிகள். முழு ஹெச்டி என்றால் 1920க்கு 1080. சரியாக ஐந்து மடங்கு. ஒவ்வொரு மயிர்த்துளையும் தெரியத் தொடங்கியபோது, அதை மழுப்பத்தான் நுண்ணிய சிலிக்கா பவுடருக்கு மவுசு கூடியது. வீடியோ விளக்கில் சாதுவாக இருந்த பவுடர், ஃப்ளாஷில் வேலையைக் காட்டிவிட்டது.

இந்தத் திட்டை முன்பே கண்டுபிடிக்கச் செலவே இல்லை. அறை விளக்கை அணைத்து, செல்போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்தால் போதும். திட்டு தெரிந்தால் மேலே இன்னும் பவுடர் போடாமல், பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈர ஸ்பான்ஜால் மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும்.

அதே ஆல்பத்தில் சில பக்கங்கள் தள்ளி, தாலி கட்டும் படம் இருக்கிறது. அதுவும் ஃப்ளாஷில் எடுத்ததுதான், ஆனால் வெள்ளைத் திட்டைக் காணோம். ஹோமத் தீயும் மண்டபப் புழுக்கமும் சேர்ந்து, வியர்வையிலும் எண்ணெயிலும் பவுடரை ஊறவைத்துவிட்டன. பதிலுக்கு மூக்கு நுனி பளபளக்கிறது. எண்ணெய் தோலின் மேடுபள்ளங்களை நிரவியதும் மேற்பரப்பு கண்ணாடியாகிவிடுகிறது. அங்கே பட்டுத் திரும்பும் ஒளி உள்ளே போகாததால் தோலின் நிறம் அதில் ஒட்டுவதில்லை, விளக்கின் வெள்ளைதான் வருகிறது. அதே ஃப்ளாஷ் கழுத்தில் கிடக்கும் காசுமாலையிலும் பட்டுத் தெறிக்கிறது. தங்கம் மேற்பரப்பிலேயே ஒளிக்கு நிறம் ஏற்றி அனுப்பும். அந்த மினுக்கம் மஞ்சள்.