காணச் சென்றவர்கள்

2007 பிப்ரவரி 20 அன்று விடியற்காலையிலேயே ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகக் கரையில் மக்கள் திரண்டனர். 345 மீட்டர் நீளமுள்ள 'குயின் மேரி 2' கப்பல் முதன்முறையாக அங்கே வந்தது. நீர்மட்டத்திற்கு மேல் 62 மீட்டர் உயர்ந்து நிற்கும் அக்கப்பல், 49 மீட்டர் உயரமே இடைவெளியுள்ள ஹார்பர் பாலத்தின் கீழ் நுழைய இயலாது. பயணிகள் கப்பல்கள் அணையும் சர்க்குலர் கீயிலும் இடம் போதாமல், கார்டன் ஐலண்டு கடற்படைத் தளத்தில் அதைக் கட்டினார்கள். மாலையில் அதன் மூத்த சகோதரியான 'குயின் எலிசபெத் 2' வந்தபோது சாலைகளெல்லாம் அடைபட்டன. ஒரு கப்பலைப் பார்க்க இத்தனை ஆவலா!

அதே கப்பலை இவர்களுக்கு முன்னே ஆவலோடு காணச் சென்ற ஒரு கூட்டம் உண்டு. 2003 நவம்பர் 15 அன்று, பிரான்சு தேசத்தின் சென் நசேர் கப்பல் கட்டும் தளத்தில், தங்கள் கைவேலையைக் காட்டும்படி தொழிலாளர்கள் தங்கள் வீட்டாரை அழைத்து வந்திருந்தார்கள். கப்பலுக்கு ஏறும் நடைபாலம் சரிந்து விழுந்தது. 16 பேர் மாண்டனர். பிறர் குடியிருக்கும் மாடிகளைக் கட்டி, ஓய்வுநாளில் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கொண்டுபோய், "இது அப்பா கட்டியது" என்று காட்டுகிற நம் சகோதரருக்கு அந்த வீட்டாரின் துயரம் விளங்கும்.

2004 ஜனவரி 12 அன்று அக்கப்பல் பயணிகளோடு சவுத்தாம்ப்டனிலிருந்து தன் முதற் பயணம் புறப்பட்டது.