அஸ்வெசும மறுக்கப்பட்டால் சட்ட உதவி எங்கே?

வியாபாரப் பத்தியில் அரசாங்க உதவிப் பணத்துக்கு என்ன வேலை என்று சில முதலாளிமார் கேட்கலாம். தங்கள் கடன் கொப்பியைப் புரட்டிப் பார்க்கட்டும். உதவிப் பணம் வங்கிக்கு வரும் வாரத்தில்தான் பல பெயர்களுக்கு நேரே கோடு விழுகிறது. பணம் நின்றுபோன வீட்டுக் கணக்கு கொப்பியிலேயே கிடக்கும். எமது நாட்டாமைமாரிலும் அதை எதிர்பார்த்திருப்போர் அநேகர்.

சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. 2025 ஜனவரியில் வறிய குடும்பத்துக்கான மாதக் கொடுப்பனவு 8,500 ரூபாவிலிருந்து 10,000 ஆகவும், மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாவிலிருந்து 17,500 ஆகவும் கூட்டப்பட்டது. இது யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் ஸதகா அல்ல. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படுவது. எனவே மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கலாம், மேன்முறையீடும் செய்யலாம்.

கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு விடயங்களில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று. எமது பகுதிகளில் ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள், ஒரே மீற்றர். பில்லைப் பார்ப்பவருக்கு வசதியான வீடாகத் தெரியும்.

எனக்குத் தெரிந்த நாட்டாமை ஒருவருக்கு நடந்தது இதுதான். பெயர் வரவில்லை என்றதும், ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று சொன்ன ஒரு தரகருக்கு 5,000 ரூபா கொடுத்திருக்கிறார். பற்றுச்சீட்டும் இல்லை, படிவத்தின் பிரதியும் இல்லை. ஒரு மூடை சீனியையாவது பில் இல்லாமல் நாங்கள் இறக்குவோமா?

முதலில் செய்ய வேண்டியது, அறிவிக்கப்பட்ட திகதிக்குள் மேன்முறையீட்டைக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குவது. காரணம் தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். என்ன காரணம் என்று கையில் வந்துவிட்டால் மேன்முறையீட்டில் அழ வேண்டியதில்லை, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

பெயர்ச் சிக்கல் எம்மவரிடம் நிறைய உண்டு. அடையாள அட்டையில் ‘மொஹமட்’, வங்கிப் புத்தகத்தில் ‘முஹம்மது’, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் பெரும்பாலும் தீரும். இதற்காக அலைந்து பல மாதங்களைத் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தலைமை அலுவலகம் கொழும்பு புதுக்கடையில். வெளியூர்களில் நீதிமன்றத்தை அண்டிய இடங்களில் நிலையங்கள் உண்டு. ஆலோசனை இலவசம். வருமானத்தைப் பார்த்துத் தகுதியானவருக்கு நீதிமன்றத்திலும் ஆஜராவார்கள். ‘சும்மா கிடைக்கும் சட்டத்தரணி சும்மாதான் இருப்பார்’ என்ற பகிடியை நம்பிப் போகாமல் இருப்பவர்தான் தரகரிடம் போகிறார்.

காலம்தான் முக்கியம். பாரபட்சம் காட்டப்பட்டதாக அடிப்படை உரிமை வழக்குப் போடுவதானால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. எங்கே போவது என்பதைச் சட்டத்தரணி சொல்லட்டும், போகும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. சம்பளக் கடிதம் கேட்டு வந்தால் உள்ளதை உள்ளபடி, திகதியிட்டு, கடை முத்திரையுடன் கொடுங்கள். 40,000 கொடுத்துவிட்டு 15,000 என்று எழுதுவது உதவி அல்ல, விசாரணையில் மாட்டுவது அந்த மனிதர்தான். பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் அரை நாள் கூலியை வெட்டாமல் விடுங்கள். அந்த நாட்டாமையின் மேன்முறையீட்டுக்கு இன்னும் முடிவு வரவில்லை. முத்திரை குத்திய பிரதி மட்டும் என் கடை லாச்சியில் இருக்கிறது.