எத்தனை முறை? – ஆங்கிலத்தில் பிழையின்றி எழுத ஒரு வழிகாட்டி

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் ஒருவன், தான் கடினமாக உழைப்பவன் என்று கூற எண்ணி, ‘ஐ ஒர்க் ஹார்ட்லி’ என எழுதிவிடுகிறான் என வைத்துக்கொள்வோம். படிக்கும் அதிகாரி கொள்ளும் பொருளோ, ‘நான் உழைப்பதே இல்லை எனலாம்’ என்பதாகும்! ‘ஹார்ட்’ என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும்.

ஒரு செயல் எத்தனை முறை நிகழ்கிறது என்பதை உணர்த்தும் வினையடைகளில் நம் பிள்ளைகள் இவ்வாறு இடறுவதுண்டு. எப்போதும் என்பதற்கு ஆல்வேஸ், அடிக்கடி என்பதற்கு ஆஃபன், அரிதாக என்பதற்கு செல்டம், ஒருபோதும் இல்லை என்பதற்கு நெவர் ஆகியன அவற்றுள் சில.

தமிழில் இத்தகைய சொற்களைப் பெரும்பாலும் இடம் மாற்றி அமைக்கலாம். ஆங்கிலத்திலோ அவற்றிற்கென வழக்கமான இடம் உண்டு. முதன்மை வினைக்கு முன்னே வரும்: ‘ஹீ ஆல்வேஸ் கம்ஸ் ஏர்லி’. இஸ், ஆர், வாஸ் போன்றவற்றிற்குப் பின்னே வரும்: ‘ஹீ இஸ் ஆல்வேஸ் ஏர்லி’. துணைவினை இருப்பின், அதற்கும் முதன்மை வினைக்கும் நடுவே நிற்கும்: ‘ஐ ஹேவ் ஆஃபன் ரிட்டன் டு ஹிம்’.

‘அவர் ஒருபோதும் பொய் பேசமாட்டார்’ என்னும்போது தமிழ் வினையும் எதிர்மறையாகிறது. அப்பழக்கத்தால் ‘ஹீ டஸ் நாட் நெவர் லை’ என எழுதுதல் பிழை. நெவர் என்பதிலேயே மறுப்பு அடங்கியுள்ளமையால், ‘ஹீ நெவர் லைஸ்’ என்பதே போதும்.

‘வாரத்திற்கு ஒருமுறை’ என்பது ‘ஒன்ஸ் எ வீக்’ ஆகும். இடையே ‘இன்’ வேண்டுவதில்லை. நாள்தோறும் என்னும் பொருளில் ‘எவ்ரி டே’ இரு சொற்களாக நிற்கும். சேர்த்து எழுதினால் ‘அன்றாட’ என்னும் பெயரடையாகிவிடும். ‘பைவீக்லி’ என்னும் சொல்லுக்கு வாரம் இருமுறை, இரு வாரங்களுக்கு ஒருமுறை என இரு பொருளும் அகராதிகளில் உண்டு. ஆகவே அதனைத் தவிர்த்து, ‘ட்வைஸ் எ வீக்’ என்றோ ‘எவ்ரி டூ வீக்ஸ்’ என்றோ தெளிவாக எழுதுதல் நன்று.

இஃது இலக்கண நுணுக்கம் மட்டுமன்று. உயிரைக் காக்கும் செய்தியுமாகும். முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். ‘வீக்லி’ என்பதை ‘டெய்லி’ எனப் பிழைபட உணர்ந்து, நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோரும் உண்டு. இத்தகைய தவறுகளைத் தடுக்கவே 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்து நிறுவனம் புதிய பாதுகாப்பு நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது. மருந்தை உண்ணும் கிழமையின் பெயரை உறையின்மேல் எழுதிவைத்தல் அவற்றுள் ஒன்று.

பெற்றோரே, வீட்டிலுள்ள முதியோரின் மருந்துச்சீட்டை அடுத்த முறை கையில் எடுக்கும்போது, பிள்ளைகளை அருகில் அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘எத்தனை முறை?’ என்று கேளுங்கள். பாடமும் பதியும்; பாட்டியின் உடல்நலமும் காக்கப்படும்.