வரைபடத்தில் மேயும் யானை

கொச்சியைத் தேடி வந்த ஐரோப்பா, நம் விலங்குகளை வரைந்த விதம் வேடிக்கையானது. அதன் முடிவு அவ்வளவு வேடிக்கையானதல்ல.

தேவராவின் கரையில் நின்று மேற்கே பார்த்தால் காயலுக்கு அப்பால் தெரிவது வெலிங்டன் தீவு. அதையும் தாண்டினால் மட்டாஞ்சேரி. பழைய வரைபடங்களில் கொச்சி உண்டு; இன்றைய வெலிங்டன் தீவைத் தேடினால் கிடைக்காது. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொண்டு, அதன் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டின் 20களிலும் 30களிலும்தான் உருவாக்கப்பட்டது.

இருப்பது பழைய வரைபடத்தில் இல்லாமல் போவதற்கு இப்படிக் காரணம் சொல்லலாம். இல்லாதது அதில் இடம்பிடித்ததற்கு? விலங்குகள் விஷயத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது.

மயோர்க்கா தீவில் 1375ல் தீட்டப்பட்ட கேட்டலன் அட்லஸ் இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் ஆசியாவின் மலைப்பகுதியில் மனிதர்கள் இறைச்சித் துண்டுகளை வீசுகிறார்கள். பறவைகள் அவற்றோடு ஒட்டிய வைரங்களையும் தூக்கி வருகின்றன. தப்ரபேன் தீவில் அரசனும் யானையும் நிற்கிறார்கள். வரைந்தவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை. வணிகர்களும் பயணிகளும் சொன்ன கதைகளே அவர்களுக்கு ஆதாரம்.

தப்ரபேன் என்பது பழைய கிரேக்கர்கள் இலங்கைக்கு வைத்த பெயர். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி, அந்தத் தீவைப் பல மடங்கு பெரிதாக்கிவிட்டார். ஆனால் அதன் தென்பகுதியில் 'யானைகளின் மேய்ச்சல் நிலம்' என்று சரியாகக் குறித்தார். 16ஆம் நூற்றாண்டில் பாசல் நகரத்து செபாஸ்டியன் மூன்ஸ்டருக்கு வேறு குழப்பம். அவர் கணக்கில் தப்ரபேன் என்பது சுமத்ரா. அந்தத் தீவின் படத்தில் பெரிய யானை ஒன்றைப் போட்டார். இரண்டு தீவிலுமே யானை உண்டு என்பதால், பெயர் தவறினாலும் படம் தப்பித்தது.

வட துருவப் பக்கம் போன யானைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மார்ட்டின் வால்ட்சேமுல்லர் 1516ல் வெளியிட்ட உலகக் கடல் வரைபடத்தில், நார்வேக்கு வடக்கே யானையைப் போன்ற ஒரு பிராணி நிற்கிறது. உண்மையில் அது வால்ரஸ். பனிக்கடலில் வாழும் அந்தப் பிராணிக்கும் இரண்டு நீண்ட தந்தங்கள் உண்டு. 'யானை அளவு, இரண்டு தந்தம்' என்று காதில் விழுந்தால் ஓவியன் வேறு எதைத்தான் வரைவான்?

கண்ணால் காணாததுதான் குறை என்றால், போர்ச்சுகீசியர் 1500ல் கொச்சிக்கு வந்த பிறகு அது நீங்கியிருக்க வேண்டும். விலங்குகளே கப்பலேறத் தொடங்கின. மன்னர் முதலாம் மானுவல் 1514ல் போப் பத்தாம் லியோவுக்கு அனுப்பிய 'ஹன்னோ' என்ற யானை, கொச்சி மன்னர் தந்த பரிசு என்று ஒரு கருத்து உண்டு. மலையாளத்து 'ஆன'தான் ஹன்னோ ஆயிற்று என்பவர்களும் இருக்கிறார்கள். போப்பின் முன்னால் அது மண்டியிட்டது. கூட்டத்தின் மீது தண்ணீரைப் பீய்ச்சியது. 1516ல் நோயுற்றபோது தங்கம் கலந்த பேதி மருந்தைக் கொடுத்தார்கள். யானை இறந்தது. அதன் உருவத்தை ரஃபேல் சுவரோவியமாகத் தீட்டினார்.

அடுத்துப் போனது காண்டாமிருகம். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா, போர்ச்சுகீசிய ஆளுநர் ஆல்புகர்க்குக்குத் தந்த பரிசு அது. ஓசெம் என்று பதிவுகள் குறிப்பிடும் இந்தியப் பராமரிப்பாளருடன், மசாலாச் சரக்கு ஏற்றிய கப்பலில் 1515 மே மாதம் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆண்டே ஜெர்மனியில் இரு ஓவியர்கள் அதை மரச்செதுக்குப் படமாக அச்சிட்டார்கள். இருவருமே விலங்கை நேரில் பார்த்தவர்கள் அல்லர். ஆக்ஸ்பர்கின் ஹான்ஸ் புர்க்மையர் வரைந்தது நிஜத்துக்கு நெருக்கமானது. முன்னங்கால்களில் கட்டுகூட இருக்கிறது. நூரம்பர்கின் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்ததற்கோ இரும்புக் கவசம் போன்ற தோல். தோளின் மீது இன்னொரு சிறு கொம்பு. கட்டு இல்லை.

டியூரரின் படமே வென்றது. உலக வரைபடங்களும் ஊர்க் கதைகளுமாக மூன்ஸ்டர் 1544ல் வெளியிட்ட 'காஸ்மோகிராஃபியா' அதை நகலெடுத்துக்கொண்டது. கெஸ்னரின் விலங்கு நூலும் அதே வழி. வங்காளத்திலிருந்து 1741ல் ராட்டர்டாம் வந்த 'கிளாரா' என்ற காண்டாமிருகம் ஐரோப்பாவைச் சுற்றி வந்த பிறகுதான் அந்தக் கூடுதல் கொம்பின் செல்வாக்கு சரிந்தது. புர்க்மையரின் அச்சுப் பிரதி வியன்னாவில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டுதான் கதையின் உண்மை. மானுவல் காண்டாமிருகத்தையும் போப்புக்கு அனுப்பினார். 1516 தொடக்கத்தில் இத்தாலிக் கரையோரம் புயலில் கப்பல் கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்த விலங்கு அது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் மூழ்கிப்போனது.

வால்ட்சேமுல்லரின் வரைபடம் வெளியானது அதே ஆண்டில். ஆப்பிரிக்காவின் தென்முனைக் கடலில், இந்தியாவுக்கு வரும் வழியில், பெரிய கடல் பிராணி ஒன்றின் மேல் மன்னர் மானுவல் கடிவாளம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். காகிதக் கடலில் பிராணி அரசனைச் சுமந்து மிதக்கிறது. நிஜக் கடலில் அரசன் அனுப்பிய பிராணி மிதக்க வழியில்லாமல் போயிற்று.

பழைய வரைபட விலங்குகளைப் பார்த்து நாம் சிரிப்பது எளிது. தெரியாததை வரைந்தது பெரிய குற்றமில்லை. தெரிந்தவர்களைக் கேட்காததுதான் குறை. காண்டாமிருகத்துக்குத் தினமும் தீனி வைத்த ஓசெமுக்கு அதற்கு எத்தனை கொம்பு என்று தெரியும். அவர் லிஸ்பன் வரை போயிருந்தார். நூரம்பர்கில் இரண்டாவது கொம்பு முளைத்தபோது அவரைக் கேட்பார் யாருமில்லை.